விடுதலும் தடுத்தலும்



ஆசிரியத் தொழிலில் நான் புகுந்த முதல் ஆண்டுகளில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லி இப்பேச்சைத் தொடங்குகிறேன். அப்போது உயர்தர வகுப்புக்கு ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பாடம் முடிந்து புத்தகங்களை எடுத்துக்கொண்டு புறப்படும் வேளையில், மாணவன் ஒருவன் மேசையருகில் வந்து நின்றான். அவன் கையில் தோலட்டையிட்ட பழைய ஆங்கில வேதாகமம் ஒன்று இருந்தது. அது அவனுடைய பாட்டனாருடையதாம். யாத்திராகமத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், எகிப்து மன்னன் பார்வோன் மோசேயையும் ஆரோனையும் நோக்கிக் கேட்கும் கேள்வியை விரலால் தொட்டுக் காட்டி, "சேர், இதன் பொருள் என்ன?" என்றான்.

பார்த்தேன். சனங்களைக் குறித்தும் அவர்களுடைய வேலைகளைக் குறித்தும் அரசன் ஏதோ கேட்கிறான். நடுவே ‘லெற்’ என்னும் சின்னஞ்சிறு சொல் நிற்கிறது. ‘லெற்’ என்றால் விடுதல், இடங்கொடுத்தல். ஆங்கிலம் கற்கத் தொடங்கிய பிள்ளையும் அறிந்த சொல். "சனங்களை ஏன் வேலை செய்ய விடுகிறீர்கள் என்று கேட்கிறான்" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டேன்.

மறுநாள் அவன் தன் வீட்டுத் தமிழ் வேதாகமத்தையும் கொண்டுவந்தான். அங்கே பார்வோன் கேட்பது நேர்மாறாக இருந்தது. சனங்களை வேலையினின்றும் ஏன் கலைக்கிறீர்கள் என்பதே அவன் கேள்வி. மாணவன் ஒன்றும் பேசவில்லை. இரண்டு நூல்களையும் பக்கம் பக்கமாக வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். கதையைச் சற்று நினைத்திருந்தாலே என் விடை பிழையென்பது எனக்குத் தெரிந்திருக்கும். அடிமைகள் மூன்று நாட் பயணமாக வனாந்தரத்துக்குப் போய்த் தம் கடவுளை வழிபட அனுமதி வேண்டும் என்று மோசேயும் ஆரோனும் கேட்டு நிற்கிறார்கள். செங்கல் அறுப்பு நின்றுவிடுமே என்பது அரசனுடைய கவலை. அதனாலன்றோ அதே அதிகாரத்தில், இனி வைக்கோல் கொடுக்க வேண்டாம், ஆனால் செங்கல்லின் கணக்கு மட்டும் குறையலாகாது என்று கட்டளையிடுகிறான்? அப்படிப்பட்டவன், ‘ஏன் வேலை செய்ய விடுகிறீர்கள்’ என்று கோபிப்பானா?

அன்று மாலை நூலகத்துக்குச் சென்று பெரிய அகராதியைப் புரட்டிய பின்புதான், நான் ஒரு சொல் என்று எண்ணியிருந்தது உண்மையில் இரண்டு சொற்கள் என்பது விளங்கிற்று. அந்த இரண்டையும் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

பழைய ஆங்கிலத்தில், அதாவது 1066இல் நோர்மன்காரர் இங்கிலாந்தைக் கைப்பற்றுவதற்கு முன் வழங்கிய மொழியில், ‘லேற்றன்’ என்று ஒரு வினை இருந்தது. விட்டுவிடுதல், இடங்கொடுத்தல், விட்டுச் செல்லுதல் என்பன அதன் பொருள்கள். ஜேர்மன் மொழியில் இன்றும் வழங்கும் ‘லாஸ்ஸன்’ என்னும் வினை அதன் உடன்பிறப்பு. நம் தமிழில் ‘விடு’ என்னும் வினை ஆற்றும் தொழில்கள் பலவற்றை இது ஆங்கிலத்தில் ஆற்றி வருகிறது. போக விடுகிறோம், கைவிடுகிறோம், வீட்டை வாடகைக்கு விடுகிறோம். ஆங்கிலேயனும் வாடகைக்கு விடும் வீட்டின் வாயிலில் தொங்கவிடும் பலகையில் இந்த ‘லெற்’ என்பதையே எழுதுகிறான். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு மொழிகள் இவ்வளவு ஒத்துப்போவது எனக்கு எப்போதும் வியப்பளிப்பது.

அதே பழைய ஆங்கிலத்தில் ‘லெற்றன்’ என்று வேறொரு வினையும் இருந்தது. தாமதப்படுத்துதல், தடுத்தல் என்பது அதன் பொருள். மெதுவான, சுணக்கமான என்று பொருள்படும் ஒரு பெயரடையினின்றும் அது பிறந்தது. அந்தப் பெயரடைதான் பிந்தி வருவதைக் குறிக்கும் ‘லேற்’ என்னும் இக்காலச் சொல்லாக நிலைத்திருக்கிறது. எனவே, ஒருவனை ‘லெற்’ செய்வது என்றால் அவனைப் பிந்தச் செய்வது, வழியில் மறித்து வைப்பது என்பது பொருள். நாம் நாள்தோறும் வாயில் வழங்கும் ‘லேற்’ என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொண்டால் இந்த இரண்டாம் பொருள் மறக்காது. மாணவருக்கு நான் இப்போது அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறேன்.

ஆக, ஒன்று விடுதல், மற்றது தடுத்தல். தமிழிலும் ‘விடு’, ‘தடு’ என்பவை ஓசையில் அண்மையானவையே. ஆனால் முதலெழுத்து அவற்றைப் பிரித்துக் காக்கிறது. ஆங்கிலத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லாது போயிற்று. 1100ஆம் ஆண்டையடுத்து வந்த இடைக்கால ஆங்கிலத்தில் வினைகளின் ஈறுகள் படிப்படியாகத் தேய்ந்தன. 1400இல் மறைந்த கவிஞர் சோசர் இரண்டு வினைகளையும் ஆண்டிருக்கிறார். அவர் காலத்தில் ஒன்றில் உயிரொலி நீண்டும் மற்றதில் குறுகியும் நின்றமையால் கேட்பவருக்கு மயக்கம் இருந்திராது. பின்னர் நெடில் குறுகிற்று. ஈறுகள் முற்றாக உதிர்ந்தன. நேர்மாறான பொருளுடைய இரண்டு வினைகளும் எழுத்திலும் ஒலியிலும் ஒன்றாகிவிட்டன.

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. இவ்விரண்டும் மிகப் பழங்காலத்தில் ஒரே வேரினின்றும் கிளைத்தவை என்பது மொழிநூலார் கருத்து. களைப்படைதல், தளர்தல் என்பது அவ்வேரின் பொருளாம். களைத்தவன் கையிலுள்ளதை நழுவ விடுகிறான், அது விடுதலாயிற்று. களைத்தவன் நடையில் பிந்துகிறான். பிறரைப் பிந்தச் செய்வது தடுத்தலாயிற்று. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவர் பிரிந்து போய், நெடுங்காலத்தின் பின் ஒரே பெயருடன் ஒரே வீட்டுக்குத் திரும்பிவந்த கதை இது.

இவ்வளவு மயக்கத்துக்கிடையிலும் இரண்டாம் ‘லெற்’ உடனே இறந்துவிடவில்லை. ஏறக்குறைய 1600ஆம் ஆண்டளவில் எழுந்த ஷேக்ஸ்பியரின் ‘ஹம்லெற்’ நாடகத்தில், தந்தையின் ஆவியைப் பின்தொடர முயலும் இளவரசனை நண்பர்கள் பிடித்து நிறுத்துகிறார்கள். தன்னைத் தடுப்பவனையும் ஓர் ஆவியாக்கிவிடுவேன் என்று அவன் சீறுகிறான். அங்கே அவன் வாயில் வருவது இந்தச் சொல்லே. இன்றைய பொருளில் கொண்டால், தன்னைப் போகவிடுபவனைக் கொல்லுவேன் என்று மிரட்டுபவனாகிவிடுவான் பாவம்! நாடக மேடையில் நடிகர்களின் இழுபறி கண்ணுக்குத் தெரிவதால் பார்ப்பவர் பிழைத்துக்கொள்கிறார்கள். தனியே அமர்ந்து வேதாகமம் வாசிப்பவனுக்கு அந்த உதவி இல்லை.

ஆங்கில வேதாகமங்களுள் பெரும்புகழ் பெற்ற ஜேம்ஸ் மன்னர் பதிப்பு வெளிவந்தது 1611இல். 1604இல் ஹம்ப்ரன் கோட் அரண்மனையில் கூடிய மகாநாட்டில் அதற்கு வித்திடப்பட்டது. அறிஞர் பலர் குழுக்களாகப் பிரிந்து உழைத்தனர். ஆனால் அவர்கள் முற்றிலும் புதிதாக எழுதவில்லை. 1568இல் வெளிவந்த ஆயர்கள் பதிப்பை அடிப்படையாகக் கொண்டு, இன்றியமையாத இடங்களில் மட்டும் மாற்றுமாறு பணிக்கப்பட்டிருந்தனர். ஆதலின் அதன் நடை, வெளிவந்த அன்றே சற்றுப் பழைமை வாய்ந்ததாக இருந்தது. அதற்கு ஒரு கம்பீரத்தைத் தந்ததும் அதுவே. பிற்காலத்தவரை இடறச் செய்ததும் அதுவே.

அப்பதிப்பில் ‘லெற்’ ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவை வருகிறது. பெரும்பாலும் அது நாம் அறிந்த ‘லெற்’ தான். ஆதியாகமத்தின் தொடக்கத்தில் ஒளியைத் தோன்றச் செய்யும் கட்டளையிலும் அதுவே நிற்கிறது. எபிரேய மொழியில் அக்கட்டளை ஒரே வினைச்சொல்லால் அமைந்தது. நம் இலக்கணத்தார் வியங்கோள் என்று சொல்வதைப் போன்றது. ‘கடவது’ என்னும் முடிபு கொண்டு தமிழ் மொழிபெயர்ப்பாளர் அதை எளிதில் அமைத்துவிட்டனர். வியங்கோள் ஈறு இல்லாத ஆங்கிலம், ‘விடு’ என்னும் வினையின் தோளில் அச்சுமையை ஏற்றிற்று. அது நிற்க.

தடுத்தல் என்னும் பொருளில் இச்சொல் வரும் இடங்களுள் நான்கு நன்கு அறியப்பட்டவை. முதலாவது, என்னை இடறச் செய்த பார்வோனின் கேள்வி. இந்த இடத்தில் எபிரேயச் சொல்லுக்கே கட்டவிழ்த்தல், விலகிப்போகச் செய்தல் என்ற பொருள் உண்டு. அதனால் 1901இல் அமெரிக்காவில் வெளிவந்த திருத்தப் பதிப்பு, சனங்களை வேலையினின்றும் ஏன் அவிழ்த்துவிடுகிறீர்கள் என்னும் கருத்துப்பட மாற்றிக்கொண்டது.

இரண்டாவது, ஏசாயாவின் நாற்பத்து மூன்றாம் அதிகாரம். தாம் ஒன்றைச் செய்யும்போது அதைத் தடுப்பவன் எவன் என்று கடவுள் வினவுவதாக அமைந்த இடம். நானோ நீங்களோ இன்றைய ஆங்கில அறிவோடு படித்தால், அதைச் செய்ய எனக்கு அனுமதி தருபவன் யார் என்று அவர் கேட்பதாக ஆகும். சர்வ வல்லமையுள்ளவர் விண்ணப்பப் படிவத்தோடு கந்தோர் வாயிலில் நிற்பது போன்ற தோற்றம்!

மூன்றாவது இடம் உரோமருக்கு எழுதிய நிருபத்தின் முதலதிகாரம். உங்களிடம் வர வேண்டும் என்று பல முறை எண்ணியும் இதுவரை தடைப்பட்டேன் என்று பவுல் அங்கே எழுதுகிறார். இதிலே நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. அதே நிருபத்தின் பதினைந்தாம் அதிகாரத்தில் அவர் இதையே மீண்டும் சொல்கிறார். அங்கே கிரேக்கத்தில் வேறு வினை. ஜேம்ஸ் மன்னர் பதிப்பிலும் ‘லெற்’ இல்லை, தடைப்படுதலைக் குறிக்க இன்றும் வழங்கும் ‘ஹின்டர்’ என்னும் வினையே வருகிறது. நிருபத்தை முழுவதும் பொறுமையாகப் படிப்பவனுக்கு, தொடக்கத்தில் முடிச்சாக நின்ற சொல்லுக்கு முடிவில் விளக்கம் கிடைத்துவிடுகிறது. அகராதிகூட வேண்டியதில்லை.

நான்காவது இடமே கடினமானது. தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், அக்கிரமம் ஏற்கெனவே மறைவாகக் கிரியை செய்கிறது என்றும், அது முற்றாக வெளிப்படாதபடி ஒருவன் தடுத்து நிற்கிறான் என்றும், அவன் நடுவிலிருந்து நீக்கப்படும் வரை அப்படியே இருக்கும் என்றும் சொல்லப்படுகிறது. கிரேக்கத்தில் அங்குள்ள ‘கதேகோ’ என்னும் வினைக்குப் பிடித்து வைத்தல், அடக்கி நிறுத்தல் என்பது பொருள். ஆறாம் வசனத்தில் தடுக்கும் பொருள் ஒன்றாகவும், ஏழாம் வசனத்தில் தடுக்கும் ஆள் ஒருவனாகவும் அதே வினை அடுத்தடுத்து வருகிறது. ஜேம்ஸ் மன்னர் பதிப்பார் முன்னதற்கு ஓர் ஆங்கிலச் சொல்லும் பின்னதற்கு ‘லெற்’ என்பதுமாக எழுதினர். அத்துடன், மூலத்தில் இல்லாத ஒரு வினையை வாக்கியம் நிறைவதற்காகச் சாய்ந்த எழுத்தில் தாமே சேர்த்தனர். அதுவும் ‘லெற்’ ஆகவே அமைந்தது. ஒரு மூலச் சொல்லுக்கு எங்கும் ஒரே ஆங்கிலச் சொல் என்ற கட்டுப்பாட்டைத் தாம் ஏற்கவில்லை என்று அவர்கள் முன்னுரையில் வெளிப்படையாகவே கூறியிருக்கின்றனர். அது அவர்கள் கொள்கை. மொழி நயத்துக்கு அது உதவிற்று என்பதையும் மறுக்க முடியாது. ஆயினும் இந்த இடத்தில், இரண்டு வசனங்களும் ஒரே செய்தியைப் பற்றியன என்பது வாசகன் கண்ணுக்கு மறைந்துபோனது பெரிய இழப்பு என்றே நான் கருதுகிறேன்.

தடுத்து நிற்பவன் யார் என்ற வினாவுக்குத் திருச்சபையின் பழைய ஆசிரியர்கள் பலவாறு விடை கண்டனர். உரோமப் பேரரசே அத்தடை என்று தெர்த்துல்லியன் கருதினார். அரசின் அதிகாரம் நிலைக்கும் வரை பெருங்கேடு தலைதூக்காது என்பது அக்கருத்தின் சாரம். பவுல் இங்கே என்ன கருதினார் என்பது தமக்குத் தெரியவில்லை என்று அகுஸ்தீனார் ‘கடவுளின் நகரம்’ என்னும் நூலின் இருபதாம் பாகத்தில் ஒளியாமல் ஒப்புக்கொண்டார். அத்தகைய பேரறிஞர் அப்படிச் சொல்லத் துணிந்ததை வாசித்தபோது, வகுப்பறையில் ஒரு நொடியில் விடை சொல்லிவிட்டு நடந்த என்னை நினைத்து நாணினேன். இப்போது எண்ணிப் பாருங்கள். அந்தச் சொல்லுக்கு ‘விடுதல்’ என்று பொருள்கொண்டால், தீமையைத் தடுத்து நிறுத்தும் அரண் தீமைக்கு வாயில் திறந்துவிடும் கதவாக மாறிவிடுகிறது. அரசு என்பது என்ன, அதன் கடமை யாது என்று அந்த வசனத்தைக் கொண்டு பல நூற்றாண்டுகளாக வாதாடிய அத்தனை பேரின் வாதமும் ஒரே சொல்லில் தலைகீழாகிறது.

தமிழ் வேதாகமத்தை வாசிப்பவருக்கு இந்த இடர் இல்லை. இந்த இரு நிருபங்களிலும் ‘தடை’ என்பதைத் தழுவிய சொற்களே நிற்கின்றன. மூலமொழியை நோக்கிப் பெயர்த்தவர்களுக்கு ஆங்கிலத்தின் மயக்கம் ஒட்டவில்லை. என் மாணவனைக் காத்ததும் அதுவே.

இரண்டாம் ‘லெற்’ வழக்கொழியத் தொடங்கிய காலத்தில் அதன் இடத்துக்கு வந்த சொற்களுள் ஒன்று ‘பிரிவென்ற்’. இலத்தீனில் அதன் பொருள் முன்னே வருதல் என்பதே, தடுத்தல் அன்று. முன்னே வந்தவன் வழியை மறித்து நிற்கவும் கூடுமாதலால் நாளடைவில் தடுத்தற்பொருள் அதற்கு ஏறிற்று. ஆனால் ஜேம்ஸ் மன்னர் பதிப்பில் அது பழைய பொருளிலேயே நிற்கிறது. தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தில், கர்த்தரின் வருகையில் உயிரோடிருப்போர் இறந்தோரை முந்திக்கொள்வதில்லை என்று கூறும் இடத்தில் இச்சொல் வருகிறது. இன்றைய வாசகன் அதைத் தடுப்பதில்லை என்று படிப்பான். ஆக, ஒரே ஊராருக்கு எழுதிய இரண்டு நிருபங்களில், தடுப்பது போலத் தோன்றும் சொல் தடுக்கவில்லை. தடுக்காதது போலத் தோன்றும் சொல் தடுக்கிறது!

நம் மொழியிலும் சொற்கள் இவ்வாறு உருமாறியதுண்டு. பழந்தமிழில் ‘நாற்றம்’ என்றால் மணம். இன்று ஒருவரிடம் அப்படிச் சொன்னால் உறவு முறிந்துவிடும். ஆனால் அங்கே பொருள் மாறிற்றென்பதை ஆசிரியர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். அறியாத சொல் ஒன்று எதிர்ப்பட்டால் வாசகன் நிற்கிறான், அகராதியைத் தேடுகிறான். அறிந்த சொல்லின் வேடத்தில் வந்து நிற்கும் பழஞ்சொல்லையோ அவன் ஐயமின்றிக் கடந்து செல்கிறான். நான் சென்றதும் அவ்வாறே.

இங்கிலாந்தில் இக்குறை உணரப்பட்டே 1881இல் புதிய ஏற்பாட்டுக்கும் 1885இல் பழைய ஏற்பாட்டுக்கும் திருத்தப் பதிப்புகள் வெளியாயின. நிருபங்களில் ‘லெற்’ நீங்கித் தெளிவான சொற்கள் வந்தன. 1952இல் முழுமையாக வெளிவந்த அமெரிக்கத் திருத்திய நியமப் பதிப்பில், பார்வோனும் சனங்களை வேலையைவிட்டு ஏன் அழைத்துப் போகிறீர்கள் என்று எவருக்கும் விளங்கும்படி கேட்கிறான். பழைய நடையின் ஓசையில் ஊறியவர்கள் இத்திருத்தங்களை விரும்பவில்லை. அவர்கள் மனநிலை எனக்கு விளங்காததன்று. ஆனாலும் பொருள் தலைகீழாகும் இடத்தில் ஓசைக்காகப் பழஞ்சொல்லைக் காப்பதற்கு நான் உடன்படேன். இலக்கியமாகப் படிப்போர் பழைய பதிப்பை அடிக்குறிப்போடு படிக்கட்டும்.

வேதாகமத்துக்கு வெளியே இச்சொல் ஒரு துணையைப் பற்றிக்கொண்டு உயிர்வாழ்கிறது. 1662ஆம் ஆண்டின் ஆங்கிலத் திருச்சபை மன்றாட்டு நூலில், திருவருகைக் காலத்து நான்காம் ஞாயிறுக்குரிய மன்றாட்டில், ‘லெற்’ என்பதும் ‘ஹின்டர்’ என்பதும் இணையாக வருகின்றன. சட்ட ஆவணங்களிலும் அதே இணை காணப்படுகிறது. பிரித்தானியக் கடவுச்சீட்டின் உட்பக்கத்தை விரித்துப் பாருங்கள். இந்தியக் கடவுச்சீட்டையும் பாருங்கள். சீட்டுடையவரைத் தடையும் இடையூறுமின்றிச் செல்லவிடுமாறு வேண்டும் வாசகத்தில் இந்தப் பழஞ்சொல் இன்றும் பெயர்ச்சொல்லாக நிற்கிறது. அருகில் இடையூற்றைக் குறிக்கும் சொல் நிற்பதால் பொருள் தவறுவதில்லை.

அந்த மாணவனுக்கு நான் மூன்றாம் நாள் வகுப்பு முழுவதும் கேட்கும்படி என் பிழையைச் சொன்னேன். அவன் மகிழ்ந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. பாடசாலை ரெனிஸ் குழுவில் ஆடியவனாதலால் வேறொரு கேள்வி கேட்டான். பந்தடிப்பைத் தொடங்கும்போது பந்து வலையை உரசிச் சென்று உரிய கட்டத்தில் விழுந்தால் நடுவர் ‘லெற்’ என்கிறாரே, அது எந்த ‘லெற்’? நான் அதுவரை அதை எண்ணிப் பார்த்ததில்லை. அகராதியை மீண்டும் புரட்டினேன். அதுவும் இந்தத் தடைதான் என்பதே அகராதிக்காரர் துணிபு. பந்தை வலை தடுத்தது, ஆகவே மறுபடியும் அடிக்க வேண்டும்.